செட்டில் குறைந்த ஷூ

அத்தியாயம் 7

கடையின் கண்ணாடி மேசை மேல் ஜெயபாரதி இரண்டு பிளாஸ்டிக் தாள்களை எடுத்து வைத்தாள். முட்டை வடிவம், வெங்காயச் சருகின் கனம், பிடித்து இழுக்க ஓரத்தில் சின்னதாக ஒரு வால்.

“இது இன்னான்னு நீயே சொல்லு பாய்,” என்றான் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த கபாலி. “ஊறுகா பாக்கெட்டு மூடின்னு நான் சொன்னேன். மேடம் ஒத்துக்கல.”

கடைக்காரர் நூர் முஹம்மது தாளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடையாறில் விளையாட்டுச் சாமான் கடை வைத்து முடி நரைத்தவர். “நீச்சல் காகிள்ஸ் மேல ஒட்டி வர்ற கவர்மா. நம்ம செட்டுல வர்ற காகிள்ஸ்தான். உரிச்சதும் குப்பையில போட்டுடுவாங்க. இது எங்க கிடைச்சது?”

“ஸ்ரீநாத்தோட ஹெல்மெட்டுக்குள்ள.”

அவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். “அபிராமபுரம் சாரா? பேப்பர்ல பார்த்தேன்மா. ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு. சாமான் கொடுத்தவன் நான்தானே.”

ஸ்ரீநாத் நாற்பதைத் தாண்டியவர், தொப்பை விழுந்தவர், ஆடிட்டர் ஆபீசில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவர். ஒரு நாள் திடீரென்று டிரையத்லானில் கலந்துகொள்ளப் போவதாக வீட்டில் அறிவித்தார். கடலில் நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி முடிக்கிற பந்தயம். சாமான் வாங்கினாலே பாதி உடம்பு இளைத்துவிட்டது என்று நம்புகிற ஊர் இது. அவரும் நேராக நூர் முஹம்மதுவிடம் வந்து, சைக்கிளிலிருந்து நீச்சல் தொப்பிவரை எல்லாம் சேர்ந்த ‘முதல் தடவை செட்’ ஒன்றை வாங்கினார். அப்புறம் மூன்று மாதமாக விடிவதற்கு முன் எழுந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பயிற்சிக்குப் போனார். ஒரு நாள் போனவர் திரும்பவில்லை. சைக்கிளும் மற்றதும் மணலில் கிடந்தன. மீனவர்கள் படகு விட்டுத் தேடினார்கள், போலீஸ் தேடியது, உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டின் வேதனை தனி ரகம். அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று வாத்தியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். ஸ்ரீநாத்தின் மனைவி லாவண்யா ஒப்பவில்லை. ‘அவர் போகலை. எங்கேயோ இருக்கார். கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ’ என்று ஜெயபாரதியின் துப்பறியும் ஆபீஸ் படியேறி வந்தாள். ஸ்ரீநாத்தின் அப்பா இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ‘அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும்’ என்றுவிட்டார். இருக்கிறான் என்று ஜெயபாரதி சொன்னால் காரியம் நிற்கும். இல்லை என்றால் நடக்கும். துப்பறிகிறவள் தலையில் யாரும் இப்படி ஒரு பாரத்தை ஏற்றக்கூடாது. ஆனால் ஏற்றிவிட்டார்கள்.

அன்று காலை, போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களைப் பார்க்க இருவரும் அபிராமபுரம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கேட் திறந்தே கிடந்தது. ராத்திரிகூடப் பூட்டுவதில்லை, பிள்ளை வந்தால் நிற்கக்கூடாது என்று அப்பா விடமாட்டேன் என்கிறார் என்றாள் லாவண்யா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கபாலி ஆரம்பித்துவிட்டான்.

“இன்னா மேடம் இது, ஷூவுக்குக் கயிறு கட்டாம பச்சையா ஸ்பிரிங்க மாட்டி வெச்சிக்கினு கீறாங்க. பெரிய வூட்டுல குனியவே மாட்டாங்க போல.”

துக்க வீட்டு வாசலில் பேசுகிற பேச்சா இது என்று ஜெயபாரதி அவனை முறைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே போனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருந்தது. பிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய நீலத் தாள் ஓரம் கிழிந்து தொங்கியது. சோபா, மிக்சி, கடிகாரம் எல்லாமே கடையிலிருந்து வந்த உறையோடு இருந்தன. பிரித்தால் பழசாகிவிடும் என்பாராம் ஸ்ரீநாத். போர்டிகோவில் நின்ற அந்தச் சைக்கிளின் சீட்டிலும் பாலிதீன் கவர் அப்படியே இருந்தது.

அப்படிப்பட்ட மனிதரின் ஹெல்மெட்டுக்குள் உரித்த தாள் இரண்டு கிடந்ததுதான் ஜெயபாரதியை அடையாறு வரை இழுத்துக்கொண்டு வந்தது.

“பிரிட்ஜ்லயே கவர் பிரிக்காதவர் காகிள்ஸ்ல பிரிச்சிருக்கார்,” என்றாள் அவள். “அதுவும் அன்னிக்குத்தான். முன்னாடியே உரிச்சிருந்தா ஹெல்மெட்டுக்குள்ள தங்கியிருக்காது, பறந்துபோயிருக்கும்.”

“அப்ப மூணு மாசமா எதப் போட்டுக்கினு நீஞ்சினாரு?”

“நீந்தவே இல்லய்யா.”

நூர் முஹம்மது தலையை ஆட்டினார். “அதான் எனக்கும் தோணுதும்மா. செட்டு வாங்கினா நீச்சல் குளத்துல ஒரு கிளாஸ் ஃப்ரீயா ஏற்பாடு பண்ணித் தருவோம். சார் போனார். ஒரு மணி நேரமும் காலை மட்டும் தண்ணியில விட்டுக்கிட்டு ஓரத்துல உக்காந்திருந்தார்னு கோச் சொன்னார். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல.”

“அதே மாதிரி செட்டு ஒண்ணு பிரிச்சுக் காட்டுங்க பாய்.”

அவர் உள்ளேயிருந்து பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து மேசை மேல் பரப்பினார். ஹெல்மெட், பெடலோடு மாட்டிக்கொள்கிற கடினமான சைக்கிள் ஷூ, உடம்பை ஒட்டிய நீச்சல் உடை, ரப்பர் தொப்பி, காகிள்ஸ், துண்டு, ஓட்டத்துக்கு ஒரு ஷூ. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது.

“தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் மாரி கீது,” என்றான் கபாலி. “நமக்கு வேணுன்ற வெடி நாலு, வேணான்ற பாம்பு மாத்திரை ஒரு டஜன்.”

ஜெயபாரதி காது கொடுக்கவில்லை. ஹெல்மெட்டையும் சைக்கிள் ஷூவையும் துண்டையும் ஒரு பக்கம் தள்ளினாள். “இதெல்லாம் மணல்ல கிடந்தது.” நீச்சல் உடை, தொப்பி, காகிள்ஸ் மூன்றையும் இன்னொரு பக்கம் வைத்தாள். “இது உடம்போட கடலுக்குள்ள போயிருக்கும்.” மேசையின் நடுவில் ஓட்ட ஷூ மட்டும் தனியாக நின்றது.

“இது எங்கய்யா?”

கபாலி ஷூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“கரையில இல்ல. அவர் அலமாரி, கட்டிலுக்கு அடி எல்லாம் காலையில நானே குடைஞ்சேன், அங்கயும் இல்ல. ஓடற ஷூவைப் போட்டுக்கிட்டு யாராவது கடல்ல இறங்குவாங்களா?”

“சுறா தொரத்துனா ஓடலாம்னு போட்டுக்கினு போயிருப்பாரோ?”

“யோவ்.”

“சரி மேடம். ஆனா போனு, மூக்குக்கண்ணாடி ரெண்டும் ஹெல்மெட்லதான கெடந்துச்சு. கண்ணு தெரியாம எப்டி ஓடுவாரு?”

“போகணும்னு முடிவு பண்ணினவன் இன்னொரு கண்ணாடி செஞ்சு வெச்சிருப்பான். போனை வேணும்னே விட்டுட்டுத்தான் போவான். சைக்கிளை மணல்ல சாய்ச்சுட்டு, சைக்கிள் ஷூவைக் கழட்டிட்டு, இதை மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கார். கடல்ல போயிட்டார்னு ஊர் நம்பட்டும்னு.”

கபாலியின் முகம் மலர்ந்தது. இரண்டு வாரமாக அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் மனசு கனத்துப் போயிருந்தது. “அப்ப ஆளு உசுரோட கீறாரு. கம்னாட்டி, எங்க இருந்தாலும் புடிச்சாந்து அந்தப் பெரிசு முன்னாடி நிறுத்தலாம் மேடம்.”

ஜெயபாரதி அங்கிருந்தே லாவண்யாவுக்குப் போன் போட்டாள். அவர் உயிரோடு போயிருக்க வாய்ப்பு இருக்கிறது என்று பக்குவமாகச் சொன்னாள். மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

“அப்படின்னா எழுதிக் குடுத்துடறேளா? அப்பாகிட்ட காட்டணும்.”

ஜெயபாரதி போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட பெண், எங்கே இருக்கிறான் என்று கேட்கவில்லை. யாரோடு என்றும் கேட்கவில்லை.

நடுவில் வந்த வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து சாமான்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த நூர் முஹம்மது ஷூவைக் கையில் எடுத்தபோது நின்றார். “ஏம்மா, நீங்க ஷூ ஷூன்னு எதைச் சொல்றீங்க? சார்கிட்டதான் ஓடற ஷூவே இல்லையே.”

“செட்டுல இருந்ததே?”

“இருந்தது. ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டாந்தார். மாத்திக் குடுங்க பாய்னார். கவர்கூடப் பிரிக்கல. இன்னொரு கையில பேப்பர்ல சுத்தி ஒரு லேடீஸ் செருப்பு, வார் பிஞ்சது. இந்த அளவுக்கு வேணும்னார். செட்டை உடைக்க முடியாது சார்னு சொன்னேன். ‘நான் ஓடறதுக்கு இன்னும் நாளாகும் பாய். என் ஆத்துக்காரி தினம் இந்தச் செருப்போட வாக்கிங் போறா, கால் வலிக்கறதுன்னு சொல்லவும் மாட்டா’ன்னார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கத்திரிப்பூ கலர்ல ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். முடிச்சுப் போட வேண்டாத சுருள் லேஸ் ஒண்ணு இந்த செட்டுல மட்டும்தான் வரும், பச்சைக் கலர். அதையும் நானே கோத்துக் குடுத்தேன்.”



“ஸ்பிரிங்கு,” என்றான் கபாலி, அடித்தொண்டையில்.

தி.நகரில் அப்பாவின் ஜவுளிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள் ஜெயபாரதி. பண்டிகை முடிந்த மறுநாள் வாங்க வருகிறவர்களைவிட மாற்ற வருகிறவர்கள்தான் அதிகம் என்பது அவளுக்குப் பால்குடி வயதுப் பாடம். வாங்கின பொருள் வாங்கினவனிடமே இருக்கும் என்று அவள் எப்படி நினைத்தாள்? தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டாளே, அதை எப்படித் திரும்ப எடுப்பது?

“வண்டியை எடுய்யா.”

கபாலியின் ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டி ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் நுழைந்து அபிராமபுரம் போய்ச் சேர்ந்தது. வழியில் சிக்னலில் குறுக்கே வந்த கார்க்காரனைக்கூட அவன் திட்டவில்லை.

ஷூ காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், பெரியவரின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில். இந்த ஊரில் கொலையே செய்துவிட்டு வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஜெயபாரதி குத்துக்காலிட்டு ஒரு ஷூவை எடுத்தாள். கத்திரிப்பூ நிறம், பச்சைச் சுருள் லேஸ். உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம் வாய்வரை ஏறியிருந்தது. கவிழ்த்துத் தட்டினாள். மணல் கொட்டியது.

கதவு திறந்தது. லாவண்யா நின்றாள். வீட்டில் உடுத்திய கைத்தறிப் புடவை, தூக்கமில்லாத கண்கள். “வாங்கோ. எழுதிக் கொண்டுவந்துட்டேளா?”

அதற்கப்புறம்தான் ஜெயபாரதியின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“உங்களுதா?”

“ஆமா.”

“அன்னிக்குக் காலையில தூங்கிக்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்க.”

லாவண்யா உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று ஜெயபாரதி நினைத்தாள். அழவில்லை.

“தெனம் அலாரம் வெச்சுண்டு எழுந்து போவார். வந்து, இன்னிக்கு அலை ஜாஸ்தி, நாளைக்குப் பாக்கணும்பார். அன்னிக்கு அவருக்குத் தெரியாம பின்னாலயே ஆட்டோ பிடிச்சுப் போனேன். மணல்ல உக்காந்துண்டு கடலைப் பாத்துண்டிருக்கார். அவ்வளவுதான் பயிற்சி. மடியில காகிள்ஸ். அதுல கவர்கூடப் பிரிக்கலை.” அவள் குரல் ஏறவே இல்லை. “எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஆத்துல எல்லாம் கவரோட. கேட்டா நாளைக்கு, நாளைக்கு. என் வயசே அப்படிப் போயிடுத்து. நானே பிடுங்கி உரிச்சேன். நானே அவர் தலையில மாட்டினேன். இன்னிக்காவது ஆம்பளையா இறங்குங்கோன்னேன்.”

“இறங்கினாரா?”

“பாக்கலை. பாக்கப் பிடிக்காம திரும்பி விறுவிறுன்னு நடந்துட்டேன். கோபம் தணிஞ்சு வந்து பாத்தா ஆளைக் காணோம்.”

“யாரையும் கூப்பிடலையா?”

“பயந்துண்டு ஆத்துக்குப் போயிருப்பார்னு நெனச்சேன். அவர் அப்படிப்பட்டவர்தானே. முழங்கால் தண்ணி வரைக்கும் போய்ப் பாத்தேன். ஆட்டோ பிடிச்சு ஆத்துக்கு வந்தேன். இங்கயும் இல்லை. அப்புறம் போலீஸ் போன் பண்ணித்து. எங்கே இருந்தேள்னு கேட்டா. தூங்கிண்டிருந்தேன்னு வாயில வந்துடுத்து.”

“போனும் மூக்குக்கண்ணாடியும் ஹெல்மெட்ல இருந்ததைப் பார்க்கலையா? கண்ணாடி இல்லாம எதிர்வீட்டுக்குக்கூடப் போகமாட்டார்னு முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க?”

“பாத்தேன்,” என்றாள் லாவண்யா. “பாத்துட்டுத்தான் ஆத்துக்கு வந்தேன்.”

கபாலி ஆட்டோப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

“எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்கோ. ஓடிப்போயிட்டார்னே எழுதிக் குடுங்கோ. இன்னொருத்தியோட போயிட்டார்னு வேணும்னாலும் எழுதுங்கோ. ஊர் சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லை. எங்கேயோ ஒரு ஊர்ல சாப்பிட்டுண்டு தூங்கிண்டு இருக்கார்னா நான் இருந்துடுவேன்.”

தன் புருஷன் யோக்கியன் என்று எழுதித் தரச் சொல்லி ஜெயபாரதியிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அயோக்கியன் என்று எழுதித் தரச் சொன்னவள் இவள் ஒருத்திதான். எழுதிக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பொய்யாக இருந்தாலும் ஒரு உயிர் பிழைக்கும். அப்போது உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

“உள்ள ஒருத்தர் கேட்டைப் பூட்ட விடாம உக்காந்திருக்காரே லாவண்யா. அவர் சாகிற வரைக்கும் உக்காந்திருப்பார். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

பதில் வருவதற்குள் கதவு திறந்துகொண்டது. பெரியவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயபாரதியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த ஆவலைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

“வந்துட்டேளா? போன்ல நல்ல சேதி சொன்னேளாமே. இருக்கானா? எங்கே இருக்கான்?”

ஜெயபாரதி லாவண்யாவைப் பார்த்தாள். லாவண்யா படியிலிருந்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“இல்லைப்பா. அவர் இல்லை. நான் அன்னிக்கு அங்கேதான் இருந்தேன். நான்தான் அவரை இறங்கச் சொன்னேன்.”

பெரியவர் அவளையே பார்த்தார். திட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தால் அவர் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார்.

“அவனுக்குத் தண்ணின்னா பயமாச்சேம்மா. சின்ன வயசுல கோயில் குளத்துப் படியிலகூட இறங்கமாட்டான், என் வேஷ்டியைப் பிடிச்சுண்டு நிப்பான். நோக்குத் தெரியாதா?”

“தெரியும்ப்பா,” என்றாள் லாவண்யா.

ஜெயபாரதி அந்த ஷூவை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் ஆட்டோவில் ஏறுவதற்குள் பெரியவர் படியிறங்கிப் பின்னாலேயே வந்துவிட்டார். வழியனுப்பத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் இவர்கள் பக்கமே பார்க்கவில்லை. இத்தனை நாள் திறந்தே கிடந்த கேட்டை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டைப் பூட்டி, ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தெருமுனையில் கபாலி வண்டியைத் திருப்பியபோது ஜெயபாரதி முன்பக்கம் குனிந்தாள்.

“ஏதாவது சொல்லேன்யா.”

“இன்னாத்த சொல்றது மேடம்,” என்றான் கபாலி. “ஓடியே போயிருக்கலாம் அந்தாளு.”